செத்த செடி இல்ல அது, விட்டு வச்ச செடி

நேத்துல இருந்து ஆளாளுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்ட எனக்கு அனுப்பிட்டே இருக்கீங்க. பாத்துட்டேன். முதல் நாளே பாத்தேன், கமெண்டும் போட்டேன், அதுக்கு வந்த பதிலையும் படிச்சேன். அந்தப் பதிவப் போட்டவர் பேர் சொல்லப் போறதில்ல, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எனக்கு அவர் மேல தனிப்பட்ட கோவம் எதுவும் கிடையாது. ஜனவரி மாசம் சிகாகோ வந்தாரு, மில்லினியம் பார்க் போனாரு, அந்தப் பெரிய வெள்ளி உருண்டை முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாரு, அப்படியே நாலு எட்டு நடந்து லூரி கார்டனுக்குள்ள போய் ஒரு போட்டோ எடுத்து "உலகப் புகழ் தோட்டமாம், தண்ணி ஊத்த ஆள் இல்ல போல"ன்னு போட்டுட்டாரு. கீழ ஒரே சிரிப்பு. நான் எழுதினது ரெண்டு வரிதான், இது இப்படித்தான் இருக்கணும்னு விட்டு வச்சிருக்காங்க, குளிர் முடியுற நேரத்துல வெட்டுவாங்கன்னு. அதுக்கு ஒரு தம்பி வந்து, "அக்கா, செத்த செடி செத்த செடிதான், டிசைன்னு பேர் வச்சா உயிர் வந்துருமா"ன்னு கேக்குறாரு. அதுக்கும் லைக்கு.

தம்பி, அந்தச் செடி சாகல. முதல்ல அத புரிஞ்சுக்கோங்க. அங்க இருக்கறதுல முக்காவாசி பெரெனியல், பல வருஷம் வாழற செடிங்க. மேல இருக்கற தண்டும் இலையும் குளிர்ல காயும், வேரு மண்ணுக்குள்ள உயிரோட இருக்கும், வெயில் வந்ததும் அதே இடத்துல இருந்து திரும்ப முளைக்கும். இந்த ஊர் குளிர்ல அதுதான் அதோட இயல்பு. மேல காஞ்ச தண்ட நவம்பர்லயே மொட்டையடிச்சு அள்ளிட்டுப் போறது ரொம்ப சுலபம், நிறைய பார்க்ல அதத்தான் செய்றாங்க. இங்க அள்ளாம விட்டிருக்காங்கன்னா யாரோ உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணி விட்டிருக்காங்க.

அந்த யாரோதான் பீட் அவுடால்ஃப். தோட்டம் வடிவமைக்கறவர், நெதர்லாந்துக்காரர், 1944ல ஹார்லெம்ல பொறந்தவர். 1982ல அவரும் அவர் மனைவி அன்யாவும் ஹம்மெலோங்கற கிராமத்துல ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் குடி போனாங்க. ஏன் போனாங்கன்னா, அவர் மனசுல இருந்த தோட்டத்துக்குத் தேவையான செடிங்க நர்சரிகள்ல சரியா கிடைக்கல, அதனால தாங்களே வளக்கலாம்னு போனாங்க. அவர் வாடிக்கையாளர் கேக்குற பூவ வாங்கி வரிசையா நட்டுட்டுப் போற ஆள் கிடையாது. ஒரு செடிய மொதல்ல அதோட உருவத்த வச்சுத்தான் பாப்பாரு. ஈட்டி மாதிரி நிமிந்து நிக்குதா, குடை மாதிரி விரியுதா, உருண்டையா இருக்கா, புகை மாதிரி பரவுதா. கலர் அதுக்கப்புறம்தான். ஏன்னா பூவோட கலர் ரெண்டு மூணு வாரம், உருவம் மாசக்கணக்குல நிக்கும். பூ உதிந்த பிறகும், இலை காஞ்ச பிறகும், பனி விழுந்த பிறகும் அந்தச் செடி பாக்க எப்படி இருக்கும்னு யோசிச்சுதான் அது எந்த இடத்துல நிக்கணும்னு முடிவு பண்றாரு. இதுதான் நான் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கற விஷயம், இன்னொரு தடவ சொல்றேன், ஜனவரியில நீங்க பாத்தது விட்டுப் போனது இல்ல, விட்டு வச்சது.

லூரி கார்டன் 2004ல திறந்தது. கேத்ரின் கஸ்டஃப்சன்ங்கற நிலவடிவமைப்பாளரோட கம்பெனி மொத்த அமைப்பப் பாத்துக்கிட்டாங்க, செடி அமைப்பு இவரோடது. நீங்க நிக்கறது மண்ணு மேலன்னு நெனச்சீங்களா? கீழ கார் பார்க்கிங், ரயில் தண்டவாளம். கான்கிரீட் கூரை மேல மண்ணக் கொட்டி அதுல 2.5 ஏக்கருக்கு வளத்திருக்காங்க. மே கடைசியில, ஜூன் ஆரம்பத்துல போனீங்கன்னா ஊதா கலர் சால்வியா ஆறு மாதிரி வளைஞ்சு ஓடும், அந்த போட்டோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, அதுக்கு மட்டும் யாரும் கேப்ஷன்ல நக்கல் பண்றதில்ல. ஆகஸ்ட்ல பிரெய்ரி டிராப்சீட்னு ஒரு புல்லு பூக்கும், ஒல்லியா நூல் மாதிரி இலை, பக்கத்துல போனா கொத்தமல்லித் தழைய கசக்கின மாதிரி ஒரு வாசனை. நான் முதல் தடவ அத மோந்தப்போ சுத்தி சுத்தித் தேடினேன் எங்க இருந்து வருதுன்னு. அக்டோபர்ல இன்னொரு புல்லு, லிட்டில் புளூஸ்டெம், முழுக்க செம்புக் கலர் ஆயிடும், சாயங்கால வெயில் பின்னாடி இருந்து விழணும், அப்ப பாக்கணும். அதுக்கப்புறம் நவம்பர், டிசம்பர்ல எல்லாம் ஒரே பழுப்பா தெரியுதுன்னு சொல்றீங்க. கிட்டப் போய் பாத்தீங்களா? கோன்ஃபிளவர்னு ஒரு பூச்செடி, அதோட காஞ்ச தலை கன்னங்கரேல்னு ஒரு முள்ளு உருண்டை, கட்டை விரலால தடவினா குத்தும், ஒரு பக்கம் மட்டும் மொட்டையா இருக்கும். அந்தப் பக்கம் கோல்ட்ஃபின்ச் குருவி விதையத் தின்னுட்டுப் போயிருக்கும். கோடையில மஞ்சளா பளிச்னு இருக்கற அந்தக் குருவியே குளிர்ல பழுப்பு ஆயிடும், அது மேல உக்காந்திருந்தாலே நமக்குத் தெரியாது. நின்னு பாத்தாதான் தெரியும். ஒரு போட்டோ, ஒரு கேப்ஷன்னு நகந்துட்டா எப்படித் தெரியும்?

எங்க அம்மா ரெண்டு குளிர் காலம் எங்களோட இருந்தாங்க. கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுல வளந்தவங்க, பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி. பனி கொட்டின மறுநாள் லூரி கார்டனுக்குக் கூட்டிட்டுப் போனேன், வீட்டுக்காரர் "அத்தைய எதுக்கு இந்தக் குளிர்ல இழுத்துட்டுப் போற"ன்னு திட்டினாரு. அம்மா ஸ்வெட்டருக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மெதுவா நடந்து வந்தவங்க, ஒரு செடிகிட்ட நின்னு, கையுறையக் கழட்டிட்டு, அந்தக் காஞ்ச தலைய ரெண்டு விரலால தேய்ச்சு உள்ளங்கையில ஊதிப் பாத்தாங்க. "விதைக்கு விட்டிருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை விளக்கல. வெண்டைக்காய முத்த விட்டு, அவரைய காய விட்டு, பீர்க்கங்காய பந்தல்லயே தொங்க விட்டு வச்சிருந்த வீட்டுல வாழ்ந்தவங்களுக்கு காஞ்ச செடியப் பாத்ததும் தோணுன முதல் கேள்வி அது. ரெண்டு டிகிரி வாங்கி உலகம் சுத்தி வர்றவங்களுக்கு தோணுனது "தண்ணி ஊத்த ஆள் இல்ல". எனக்கு வலிச்சது இங்கதான், மறைக்க விரும்பல.

சரி, என்னெல்லாம் கேப்பீங்கன்னு எனக்கு தெரியும்.

"ஒரு வெள்ளக்காரன் பண்ணா புல்லு கூட கலையா"ன்னு ஒரு கூட்டம். லூரிக்கு அவர் எதப் பாத்து வரைஞ்சாருன்னு தெரியுமா? இந்த இல்லினாய் மாநிலத்துக்கே பிரெய்ரி ஸ்டேட்னு பேரு, பிரெய்ரின்னா பரந்த புல்வெளி, ஆனா இருந்த புல்வெளிக் காட்டுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இப்ப மிஞ்சல, எல்லாத்தையும் உழுது சோளமும் சோயாவும் போட்டாச்சு. சிகாகோ பக்கத்துல லைல்ங்கற ஊர்ல இருக்கற மார்ட்டன் ஆர்பொரேட்டம்ங்கற பெரிய மரத் தோட்டத்துல 1962ல ஆரம்பிச்சு விதை விதையா சேத்து ஒரு பிரெய்ரிய திரும்ப உருவாக்கினாங்க, ஷூலென்பெர்க் பிரெய்ரின்னு பேரு. லூரிக்கு செடி வளத்துக் குடுத்த ராய் டிப்ளிக், விஸ்கான்சின்ல நர்சரி வச்சிருக்கறவர், அவர்தான் அவுடால்ஃப அங்க கூட்டிட்டுப் போனாரு. அந்த நிலத்தப் பாத்துட்டு வந்துதான் லூரிக்கு வரைஞ்சாரு. அதாவது இந்த மண்ணுல காணாமப் போன ஒண்ணோட சாயல இந்த ஊருக்கு நடுவுல திரும்பக் கொண்டு வந்து வச்சிருக்காரு. நூத்துக்கு நூறு இந்த ஊர் செடின்னு சொல்ல வரல, சால்வியா எல்லாம் இங்கத்தது கிடையாது, அவரும் அப்படி சொன்னதில்ல.

"தானா வளர்ற புல்லுக்கு எதுக்கு டிசைனர்"ன்னு கேக்குறவங்களுக்கு. தானா வளந்தா அங்க பத்து வருஷத்துல ஒரே களையும் மரக்கன்னுமாத்தான் இருக்கும். நியூயார்க் ஹை லைன் தெரியும்ல, மன்ஹாட்டன்ல தெருவுக்கு மேல போற பழைய கூட்ஸ் ரயில் பாலம். 1980ல கடைசி ரயில் போச்சு, அதுக்கப்புறம் இருபது வருஷம் யாரும் தொடல, காத்துல வந்த விதையெல்லாம் முளைச்சு அதுவா ஒரு காடு ஆச்சு. அந்தக் காட்டோட நெனப்ப வச்சுத்தான் 2009ல திறந்த பார்க்குக்கு இவர் செடி அமைச்சாரு. அங்க ஒவ்வொரு மார்ச் மாசமும் தோட்டக்காரங்களும் வாலண்டியர்களும் சேந்து, பாலம் முழுக்க, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, கையால கத்திரி வச்சு வெட்டுறாங்க. குளிர்ல குனிஞ்சு, கீழ மொளைக்கற குருத்து மேல கால் படாம. தானா நடக்குற வேலையா அது? லூரியிலயும் இதே மாதிரி வேலை செய்றவங்க இருக்காங்க, "ஆள் இல்ல போல"ன்னு எழுதினது அந்த ஆளுங்களத்தான். அவங்க கைய ஒரு தடவ பாருங்க.

ஹை லைன் வந்ததால சுத்தி வாடகை எகிறிடுச்சு, பழைய ஜனங்க போக வேண்டியதாச்சுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. உண்மை. அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு நிலத்த வாங்கி வித்தவங்களக் கேளுங்க, சிட்டியக் கேளுங்க, புல்லு நட்டவர ஏன் கேக்குறீங்க.

"நம்ம ஊருக்கு இது ஒத்து வராது, இதப் போய் எதுக்கு தூக்கிப் பிடிக்கறீங்க"ன்னு இன்னொண்ணு. நான் எங்கயாவது நம்ம ஊர்ல இத கொண்டு வந்து வைக்கணும்னு எழுதியிருக்கேனா? ஒரு பதிவு காட்டுங்க. அந்தந்த மண்ணு, அந்தந்த பருவத்துக்கு ஏத்த மாதிரி பாக்கணும்னுதான் எப்பவும் எழுதுறேன். நான் இந்த ஊர்ல இருக்கேன், இந்த ஊர் குளிரத் தாங்கிக்கிட்டு பல வருஷமா வாழ்றேன், இங்க நாலஞ்சு மாசம் வெளிய பச்சையே கிடையாது. அந்த நாலஞ்சு மாசமும் கண்ண மூடிக்கிட்டு ஏப்ரலுக்காக காத்துட்டு இருக்கணுமா? வந்த புதுசுல அப்படித்தான் இருந்தேன், பொழுது போகாம, திரைய மூடிக்கிட்டு. குளிரையும் பாக்கறதுக்கு ஒரு காலமா மாத்திக் குடுத்தது இந்தத் தோட்டம். இது எவ்வளவு பெரிய உதவின்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். பூ இருக்கறப்ப மட்டும் வந்து கொண்டாடிட்டு, பூ போனதும் "முடிஞ்சு போச்சு"ன்னு திரும்பிப் பாக்காத பழக்கம் தோட்டத்தோட நிக்கறதில்லங்க. வயசானவங்கள நாம எப்படிப் பாக்குறோம்? அம்மா ஊருக்குத் திரும்பினப்ப சொந்தக்காரங்க ஒருத்தர், "அங்கயே வச்சுக்க வேண்டியதுதான, இங்க வந்து என்ன செய்யப் போறாங்க"ன்னு போன்ல சொன்னாரு. ஏன் இத இங்க எழுதுறேன்னு தெரியல, அந்த கேப்ஷனப் படிச்சப்ப இந்தக் குரல்தான் காதுல கேட்டுச்சு.

இதுல என் சொந்தக் கதையும் இருக்கு, சொல்லிடறேன். எங்க வீட்டு முன்னாடி சின்னதா ஒரு பாத்தி போட்டிருக்கேன், கோன்ஃபிளவர், சுவிட்ச்கிராஸ்ங்கற புல்லு, கொஞ்சம் ராட்டில்ஸ்னேக் மாஸ்டர்னு ஒரு செடி. குளிர்ல வெட்ட மாட்டேன். உள்ளீடு இல்லாத தண்டுக்குள்ள சின்னச் சின்ன தேனீக்கள் கூடு வைக்கும், தனியா வாழற ஜாதி, பெரும்பாலும் கொட்டாது. அதனால வசந்தத்துல வெட்டும்போதுகூட ஒரு அடி தண்ட விட்டுட்டுத்தான் வெட்டுவேன். எங்க குடியிருப்பு அசோசியேஷன்ல இருந்து டிசம்பர்ல லெட்டர் வந்துச்சு, முன்வாசல் பராமரிப்பு இல்லாம இருக்கு, அகற்றலைன்னா அபராதம்னு. பராமரிப்பு இல்லாம! செப்டம்பர் பூரா முட்டி போட்டு உக்காந்து களை பிடுங்கினேன் நான். எதிர் வீட்டுல வருஷம் பூரா ஒரு பொட்டு பூ கிடையாது, வெறும் புல்தரை, மாசத்துக்கு ஒரு தடவ மருந்து அடிக்க வண்டி வரும், மஞ்சக் கொடி நட்டு வச்சுட்டுப் போவாங்க குழந்தைங்க மிதிக்காதீங்கன்னு. அவங்களுக்கு லெட்டர் இல்ல. எனக்கு வந்துச்சு. வேற காரணம் ஏதும் இருக்குமான்னு என்னால யோசிக்காம இருக்க முடியல, அதுக்கு மேல எழுத விரும்பல.

அதனாலதான் நம்ம ஆளுங்களே, என் பதிவ வருஷக்கணக்கா படிக்கறவங்களே, அந்தச் சிரிப்புல போய் சேந்தது எனக்கு ஆறல. அவர்கிட்ட மன்னிப்பு எல்லாம் எதிர்பாக்கல. பதிவ எடுக்கவும் சொல்லல. சிரிச்சதுல பாதிப் பேரு ஜூன்ல அதே தோட்டத்துல குடும்பத்தோட போட்டோ போட்டவங்க, அதுவும் எனக்குத் தெரியும். அந்த ஊதா ஆறு மே மாசம் திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல, நீங்க சிரிச்ச அதே மண்ணுக்குள்ளதான் இப்ப இருக்கு.

அசோசியேஷனுக்கு பதில் எழுதிட்டேன். ஒவ்வொரு செடியோட பேரு, எந்த மாசம் பூக்கும், எந்த மாசம் விதை, எப்ப வெட்டுவேன், ஏன் அதுக்கு முன்னாடி வெட்ட மாட்டேன், எல்லாம் ரெண்டு பக்கத்துக்கு எழுதி, லூரி கார்டனோட ஜனவரி போட்டோ ஒண்ணு, ஜூன் போட்டோ ஒண்ணு கூட வச்சு அனுப்பியிருக்கேன். அபராதம் போட்டா போடட்டும், கட்டிக்கறேன், ஏப்ரலுக்கு முன்னாடி கத்திரி எடுக்க மாட்டேன். பதில் வந்தா இங்கயே போடுறேன். இதே மாதிரி லெட்டர் வந்தவங்க வேற யாராச்சும் இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, நான் எழுதினதோட காப்பி தர்றேன்.