பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைக் களிமண் தூள் காப்பாற்றாது

கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாடு வளர்ப்போரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: கன்று ஈனும் மாட்டுக்கு நஞ்சுறிஞ்சும் தூளைக் கலந்து கொடுத்தால், பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் தவிட்டையும் போடலாம், பால் காய்ச்சலும் வராதாம்.

அந்தத் தூள்களுக்குப் பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. அவற்றில் ஒன்றான பென்டோனைட் களிமண், பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சை மாட்டின் குடலில் பிடித்து, உடலில் சேர்வதைக் குறைக்கும். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அங்கேயும் நஞ்சு ஏற்கெனவே சட்ட அளவுக்குள் இருக்கும் தீவனத்தில் மட்டுமே கலக்கலாம். கெட்டதை நல்லதாக்க அல்ல. வேறு பல பூஞ்சண நஞ்சுகளைக் களிமண் சரியாகப் பிடிப்பதுமில்லை.

மிச்ச நஞ்சு பாலுக்குள் வரும். காய்ச்சினாலும் அது அழியாது, அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

அப்புறம் பால் காய்ச்சல். ஈன்றதும் இரத்தத்தில் கல்சியம் சட்டென்று குறைவதால் வருவது அது. தூளை நம்பிக் காத்திருந்தால் மாடு செத்துப்போகலாம். எழும்ப முடியாமல் படுத்தால் உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மாரியில் நனைந்து பூஞ்சணம் கண்ட தீவனத்தை வீசிவிடுங்கள். சந்தேகமென்றால் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.