அலுவலக அடித்தளத்தில் ஓர் இடம்

மலேசியாவில் பெட்ரோல் எண்ணெய் விலை பத்துச் சென் அசைந்தாலும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டு நாள் உறங்குவதில்லை. ஆனால், காஜாங்கிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு ஆறு ஆண்டுகள் கார் ஓட்டி வேலைக்குப் போன என்னை ரயிலில் ஏற்றியது எண்ணெய் விலை அல்ல. அலுவலக அடித்தளத்தில் அதுவரை இலவசமாக இருந்த என் கார் நிறுத்தும் இடத்துக்கு நிர்வாகம் மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) கேட்டது, அவ்வளவுதான்.

கணக்கை அப்படியே வைக்கிறேன். போக வர 50 கிலோமீட்டர், மாதம் 22 நாள். என் மைவி கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுவதால் 92 லிட்டர் போதும். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்னும் எண்ணெய் மானியத் திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென், மாத வரம்பு 300 லிட்டர். அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நான் தொட்டதில்லை. செலவு 180 வெள்ளிக்குச் சற்று மேல். மாதப் பயணச்சீட்டான மை50 அட்டையோ 50 வெள்ளிதான். எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரெயில் ரயில்கள், ரேபிட் கேஎல் பேருந்து எதில் வேண்டுமானாலும் மாதம் முழுவதும் ஏறி இறங்கலாம். காஜாங் எம்ஆர்டி தடம் 2017 ஜூலையிலேயே முழுமையாகத் திறந்துவிட்டது. பிறகும் நான் ஏன் கார் ஓட்டினேன்?

மாதத் தவணை, காப்புறுதி, சாலைவரி எல்லாம் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டியவை. ஒன்பது ஆண்டுக் கடனில் கார் வாங்கியவன் காலையில் எண்ணிப் பார்ப்பது அன்றைய எண்ணெய்க் காசை மட்டுமே. வீட்டிலிருந்து நிலையத்துக்கு அதே காரில் போய், அங்கே நிறுத்தவும் காசு கொடுத்தால், மிச்சமாவது சில்லறைதான். அதற்காக நெரிசலில் நின்றுகொண்டு போவானேன் என்று நினைப்பவனைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. அவனுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும்.

மோட்டார் சைக்கிள் ஓட்டும் தம்பிமார்களின் கணக்கு இன்னும் கறாரானது. 150 சிசி வரைக்கும் ஆண்டுச் சாலைவரி 2 வெள்ளி. பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் டோலும் இல்லை. நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்க மாமியார், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மஸ்ஜித் இந்தியாவுக்குக் கிளம்பினால் நான் இன்றும் காரைத்தான் எடுப்பேன். அட்டை ஓர் ஆளுக்குத்தான். காரில் ஐந்து பேருக்கும் ஒரே எண்ணெய்க் காசு.

அந்த 250 வெள்ளி அறிவிப்பு வந்த மறுமாதமே எங்கள் பிரிவில் கார் வைத்திருந்த ஏழு பேரில் மூவர் அட்டை வாங்கினோம். செந்தூலிலிருந்து நெடுங்காலமாக எல்ஆர்டியில் வரும் அக்கா ஒருவர் என் அட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை வருசமா உங்களுக்கெல்லாம் மாசம் 250 வெள்ளி சும்மா கொடுத்திருக்காங்க. எனக்கு யாரு கொடுத்தா, தம்பி?"

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கார் ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது சம்பள உயர்வு. வெள்ளியாகக் கைக்கு வராததால் அதை யாரும் அப்படி எண்ணவில்லை. கலிபோர்னியாவில் 1992-இலேயே இதற்கொரு சட்டம் வந்தது: பணியாளருக்காகக் கார் நிறுத்துமிடத்தை வாடகைக்கு எடுத்துத் தரும் குறிப்பிட்ட சில நிறுவனங்கள், அது வேண்டாம் என்பவருக்கு ஈடான தொகையைக் கையில் தர வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். நாங்கள் மூவர் விட்ட இடங்கள் இப்போது வெளியாருக்கு வாடகைக்குப் போயிருக்கின்றன. அக்காவின் சம்பளச் சீட்டு அப்படியேதான் இருக்கிறது.