சமுதாயத் தொழில்நுட்ப மையங்கள்: பரவும் கூற்றும் உண்மையும்

வசதி குறைந்த பகுதிகளில் மக்கள் கணினியைப் பயன்படுத்தவும் கற்கவும் இயங்கும் சமுதாயத் தொழில்நுட்ப மையங்கள் இலவச இணையத்துக்காகவே தொடங்கப்பட்டவை என்றும், கைபேசி பரவிவிட்டதால் அவை இனி வீண்செலவு என்றும் ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

கணித ஆசிரியையான அன்டோனியா ஸ்டோன் 1980இல் ‘பிளேயிங் டு வின்’ அமைப்பைத் தொடங்கி, 1983இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், பொதுக் குடியிருப்பு ஒன்றின் அடித்தளத்தில் கணினி மையத்தைத் திறந்தபோது, இணையத்தில் பக்கங்களைத் திறந்து பார்க்க உதவும் வைய விரிவு வலை (World Wide Web) என்ற ஒன்றே உருவாகியிருக்கவில்லை. கணினியைக் கையாளும் திறன் வசதி படைத்தோரிடம் மட்டும் தங்கிவிடக் கூடாது என்பதே அவரது நோக்கம். இணையம் பின்னர் வந்து சேர்ந்தது. 1993இல் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தில் தொடங்கிய ‘கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ்’ மையத்திலும் இளையோர் வழிகாட்டிகளின் துணையோடு தாமே படைப்புகளை உருவாக்கினர்.

கைபேசியில் காணொளி பார்க்கலாம், செய்தி அனுப்பலாம். ஆனால் நீண்ட விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்யவும், விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்) தயாரிக்கவும், நிரல் எழுதிப் பிழை திருத்தவும் அச்சிறு திரை போதுமானதன்று. தடுமாறும் இடத்தில் அருகிருந்து விளக்கும் பயிற்றுநரையும் அது தருவதில்லை. பகிரப்படும் அச்செய்தி மறைப்பது, அல்லது அறியாமல் விட்டது, இதைத்தான். சரியான பயிற்றுநரின்றிப் பூட்டிக் கிடக்கும் மையங்கள் வீண்செலவே என்று வாதிட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.