பச்சைக் குளிசையும் என் ‘அரைகுறை அறிவும்’

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில், பெண்கள் கூட்டமொன்றில் நடந்தது இங்குள்ள பலருக்கும் தெரியும், காணொளியும் சுற்றிவிட்டது. நாற்பதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் ‘பெண்மையின் விற்றமின்’ ஆன விற்றமின் ஈயை, வாசலில் மேசை போட்டு விற்ற பச்சைக் குளிசையாக நாளும் 400 அலகு (IU) எடுக்க வேண்டும் என்று மேடையில் சொல்லப்பட்டபோது, “இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுமா?” என்ற ஒரேயொரு கேள்வியைத்தான் நான் கேட்டேன். மண்டபம் சிரித்தது. அன்றிரவே எனக்கு ‘அரைகுறை அறிவு’ என்ற பட்டமும் வழங்கப்பட்டது.

விற்றமின் ஈ கெட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை. சாப்பாட்டில் வருவதும் குளிசையில் வருவதும் அளவில் ஒன்றல்ல என்பதே என் பேச்சு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் போதும். ஒரு கைப்பிடி பாதாம் பருப்பே அதில் ஏறக்குறைய பாதியைத் தந்துவிடும், மீதிக்குச் சூரியகாந்தி எண்ணெயும் கச்சானும் கீரையும் இருக்கின்றன. அந்த 400 அலகுக் குளிசையிலோ, இயற்கை வகையென்றால் 268 மில்லிகிராம், செயற்கை வகையென்றால் 180. குறைந்தது பன்னிரண்டு மடங்கு. சுகதேகிகளிடம் இந்த விற்றமின் குறைபாடு மிக அரிது; கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல், ஈரல் நோயாளிகளிடமும் சில பரம்பரைக் கோளாறு உள்ளவர்களிடமுமே பெரும்பாலும் அதைக் காணலாம்.

‘பெண்மையின் விற்றமின்’ என்ற அலங்காரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1922இல் கலிபோர்னியாவில் ஹெர்பெர்ட் எவன்ஸும் கேதரின் பிஷப்பும் இது இல்லாவிட்டால் கரு தங்காது என்று கண்டறிந்தார்கள், எலிகளில். பின்னர் சூட்டப்பட்ட டோகோபெரோல் என்ற பெயரும் பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். நூறு ஆண்டு கழித்தும் அந்த எலிகள் காலி வீதியில் வியாபாரம் செய்துகொண்டிருக்கின்றன.

நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன்? என் அம்மா இதய வால்வு மாற்றியவர், இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் என்ற மருந்து எடுப்பவர். மேல்மாடி மாமி அன்பாகக் கொடுத்த ஒரு போத்தல் விற்றமின் ஈ குளிசையை அவர் எங்களுக்குச் சொல்லாமலே விழுங்கி வந்தார். மூன்றாவது வாரம், காப்பு அழுத்தும் இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டல். அடுத்த நாள் முழங்கைக்குக் கீழே இன்னொன்று. கிளினிக்கில் இரத்தம் உறையும் அளவைப் பார்த்த வைத்தியர், புதிதாக என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, “ஒன்றுமில்லை, விற்றமின் மட்டும்தான்” என்றார் அம்மா. கூடிய அளவில் விற்றமின் ஈ, இரத்தத்தை உறையவைக்கும் விற்றமின் கேயின் வேலையைக் குழப்பக்கூடியது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த ‘மட்டும்தான்’ என் காதில் இன்னும் இருக்கிறது. மண்டபத்தில் சிரித்தவர்களுக்கு அது கேட்டிருக்க நியாயமில்லை.

நீங்கள் டொக்டரா என்று கேட்கிறார்கள். இல்லை. மேடையில் பேசியவரும் இல்லையே, அவரிடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஹோப் (HOPE) என்ற மருத்துவ ஆய்வில் இதே 400 அலகு மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட செலெக்ட் (SELECT) என்ற இன்னொரு ஆய்வில், இதை மட்டும் எடுத்தவர்களிடையே புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அது ஆண்களுக்குத்தானே, இது பெண்கள் கூட்டம் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோன போத்தலை உங்கள் கணவர் தொடமாட்டார் என்று எழுதித் தருவீர்களா, சகோதரி? ஈரலில் கொழுப்பு படிந்து அழற்சி கண்ட சிலருக்கு வைத்தியர்களே இதைக் கொடுக்கிறார்களே என்பது மட்டும் நேர்மையான கேள்வி. ஆம், கொடுக்கிறார்கள். பரிசோதித்து, ஆளைப் பார்த்து, கண்காணித்துக் கொடுக்கிறார்கள். மண்டபத்து வாசலில் மேசை போட்டு அல்ல.

சிரித்தவர்களில் மூன்று பேர் பிறகு உள்பெட்டியில் வந்தார்கள். இருவர், குளிசையை ஊசியால் குத்தி முகத்தில் பூசலாமா என்று கேட்டார்கள். சிலருக்குத் தோல் சிவந்து கடிக்கும், தழும்பு மறையும் என்பதற்கும் நல்ல சான்று இல்லை என்று பொறுமையாகவே பதில் எழுதினேன். மூன்றாமவர், தன் அப்பாவும் இதயத்துக்கு ஏதோ எடுக்கிறார், பெயர் தெரியாது, சின்னக் குளிசை என்றார். உறையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி இரண்டு நாளாகிறது. இன்னும் வரவில்லை.