பாலாற்றுக்கு வழி விடுங்க

பாலாற்றில் தண்ணீர் வருவதே அத்தி பூத்த மாதிரி. அப்படி வருகிற ஐப்பசி கார்த்திகையில் தூண்டிலும் மண்புழு டப்பாவுமாகக் கிளம்பினால், ஆற்றுக்கு முன்னால் கல்தூண், முள்கம்பி, பூட்டுப் போட்ட கேட். 'பட்டா நிலம், அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு தகரம். தென்னைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்கிறது. விரிஞ்சிபுரம் பக்கமும் சரி, மாதனூர் பக்கமும் சரி, வருஷத்துக்கு வருஷம் இந்த மாதிரி கேட்டுகள் கூடிக்கொண்டே போகின்றன.

ஆறு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப் படுகையையும் ஓடுகிற தண்ணீரையும், வேறு யாருக்காவது உரிமை இருந்தாலொழிய, சர்க்கார் சொத்து என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் கடல் அலை ஏறாத ஆறுகளில், கரை நிலம் வைத்திருப்பவருக்கே பாதி ஆறு வரை சொந்தம், அதிலுள்ள மீனைப் பிடிக்கும் உரிமையும் பெரும்பாலும் அவருக்குத்தான். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே தார் ரோட்டுக்கும் ஆற்றுப் புறம்போக்குக்கும் நடுவில் கிடக்கிற ரெண்டு மூணு ஏக்கர் பட்டாதான் பிரச்சினை.

வேலி போட்டவர்களை நான் சும்மா திட்டமாட்டேன். மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போகிறவன், வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைக்கிறவன், வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவன், எல்லாரும் அதே வழியாகத்தான் வருகிறார்கள். (தோட்டாவும் விஷமும் 1897 மீன்வளச் சட்டத்திலேயே தடை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் சிலர் காதில் விழவில்லை.) அப்புறம் மணல். லாரி போய்ப் போய் வரப்பும் வாய்க்காலும் சிதைந்த பிறகுதான் பல பேர் கல் நட்டார்கள். பல இடங்களில் மணல் வண்டியை மறிக்க அதிகாரிகளே வழியில் பள்ளம் வெட்டினார்கள். மணல் எடுத்தவன் வேறு வழி கண்டுபிடித்துவிட்டான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்த செம்படவரும் இருளரும்தான் அந்தப் பள்ளத்தின் முன்னால் நின்றார்கள். எனக்கு மீன் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அன்றைய உலை.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வசதியுரிமைச் சட்டம், 1882. அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 வருஷம், அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் உரிமை என்றே நடந்திருந்தால் அந்த வழி உரிமையாகிவிடும். அதில் மூன்று சிக்கல்.

நம்ம ஊர்ப் பழக்கம் என்ன? வழியில் பெரியவர் நின்றால், "அண்ணா, ஆத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அவரும் "போ நைனா, வரும்போது கேட்டைச் சாத்திட்டு வா" என்பார். இதைவிட நல்ல மனுஷத்தன்மை வேறு என்ன வேண்டும்? ஆனால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடிப்பார். கேட்டுவிட்டுப் போனால் அது அனுமதி, உரிமை இல்லை. அனுமதி கொடுத்தவர் நாளைக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம். மரியாதை தெரிந்தவனுக்குக் கேஸ் நிற்காது!

அடுத்தது காலக்கெடு. வழியை மறித்தது தெரிந்தும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தால் அந்த 20 வருஷக் கணக்கு அறுந்துபோகும். பாலாற்றில் சில வருஷம் தண்ணீரே வராது, வழியை யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. கேட் போடுகிறவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்தல். வசதியுரிமை என்பது நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்தை அனுபவிப்பதற்காகத் தரப்படுவது. பக்கத்து வயல்காரர் கேட்கலாம். கையில் வலையைத் தவிர சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர் எந்த நிலத்துக்காகக் கேட்பார்? இவர்களுக்குக் கைகொடுப்பது அதே சட்டத்தின் 2-ம் பிரிவு. நிலம் எதையும் சாராமல் பொதுமக்களுக்கு வழக்கத்தால் வந்த உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்கிறது அது. அந்த வழக்கத்தை நிரூபிக்க முன்சீப் கோர்ட்டில் எத்தனை வாய்தா நடக்க வேண்டும் என்பது கோர்ட் வாசல் மிதித்தவர்களுக்குத் தெரியும்.

தகராறு முற்றி கைகலப்பாகிற நிலை வந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 166-ம் பிரிவில் நிர்வாக நடுவரே (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்) விசாரித்து, வழியை மறிக்காதே என்று உத்தரவு போடலாம். வழக்கமாக மூன்று மாதத்துக்குள் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பருவத்துக்கு மட்டும் உள்ள உரிமை என்றால் கடைசிப் பருவத்தில் பயன்படுத்தியிருந்தாலே போதும். பாலாற்றுக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது, பலருக்கும் தெரியாது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று. வருவாய்த் துறை இணையதளத்தில் புல வரைபடமும் (சர்வே நம்பர் வாரியான நில அளவைப் படம்) அ-பதிவேடும் (ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதிய கிராமக் கணக்கு) காசில்லாமல் பார்க்கலாம். வரைபடத்தில் ஆறு வரைக்கும் வண்டிப்பாதை காட்டியிருந்தால், அ-பதிவேட்டிலும் பாதை என்றே இருந்தால், இவ்வளவு வாதமும் தேவையில்லை. கேட் நிற்பது பொது இடத்தில், தாசில்தாரிடம் மனு கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டியதுதான்.

வரைபடத்தில் இல்லாத வழிகளைக் கோர்ட்டில் தேடுவதைவிட பஞ்சாயத்தில் உண்டாக்குவதே நல்லது என்பது என் கட்சி. ஆற்றோர நிலங்கள் வேகமாக பிளாட் ஆகின்றன. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது உள்ளே வருகிற ரோடுகளைப் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் ஒரு ரோட்டை ஆற்றுப் புறம்போக்கு வரை நீட்டு என்று அப்போதே கேட்டால் என்ன குறைந்துவிடும்? வயலாகவே இருக்கும் இடத்தில் வேலி ஓரமாக ஆறடி நடைபாதை, சர்க்கார் செலவில் கிரயம், லாரி நுழையாதபடி ரெண்டு கல். நிலத்துக்காரருக்கும் நிம்மதி. கரையோரக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வழி இருந்தால் போதும்.

நவம்பர் 1 கிராம சபைக்கு எங்கள் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் அடைத்துவிட்ட ஆற்று வழி இருந்தால் ஊர்ப் பெயரும் புல எண்ணும் இன்பாக்ஸில் போடுங்கள். நிலத்துக்காரர் பெயர் வேண்டாம், அவரிடம் நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம்.