பூசணிக்குப் பதிலாகப் பப்பாசி போதுமா?

"ரெண்டும் மஞ்சள்தானே, ரெண்டும் கண்ணுக்கு நல்லதுதானே, பிள்ளைக்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் சரி." மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பூசணியும் பப்பாசியும் மலிவாகக் கிடைப்பதால் இந்தக் கதையும் மலிவாகக் கிடைக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

சமைக்காத பூசணி 100 கிராமில் விற்றமின் ஏ சுமார் 426 மைக்ரோகிராம். அதே அளவு பப்பாசியில் 47தான். விற்றமின் சீ என்று வந்தால் கணக்கு தலைகீழ்: பப்பாசியில் 60 மில்லிகிராம், பூசணியில் 9. அந்த ஒன்பதிலும் பாதி அடுப்பில் போய்விடும். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் ஏ வேண்டும். 150 கிராம் அவித்த பூசணி அதைக் கொடுத்துவிடும். பப்பாசியில் மட்டும் எடுப்பதென்றால் முக்கால் கிலோவுக்கு மேல் ஊட்ட வேண்டும். பப்பாசியின் கரோட்டின், அதாவது உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றும் நிறப்பொருள், நன்றாகவே சேரும், உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது நிரப்பாது.

"சிவப்புப் பப்பாசியில் சத்துக் கூட" என்பார்கள். ரெட் லேடி இனப் பப்பாசியின் அந்தச் சிவப்பு லைக்கோபீன் என்ற நிறப்பொருள். நல்ல பொருள்தான், ஆனால் உடம்பு அதை விற்றமின் ஏ ஆக மாற்றாது. பூசணியில் மாறாக நிறம் முக்கியம். சந்தையில் வெட்டி வைத்த துண்டுகளில் வெளிறியதை விட்டுக் கடும் செம்மஞ்சளை எடுங்கள்.

எடுத்த பூசணியைக் கெடுப்பது பெரும்பாலும் சமையல்தான். சின்னச் சின்னதாக வெட்டி, சட்டி நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் சத்தில் ஒரு பங்கும் அதோடு போகும். அரைக் கிலோவுக்கு அரைக் கோப்பைத் தண்ணீர் போதும், பூசணியே தண்ணீர் விடும். தோலோடு பெரிய துண்டாக வெட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள் போட்டு மூடி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். கடைசியில் கால் கோப்பை தேங்காய் முதற்பால் விட்டு, ஒரு கொதியோடு இறக்குங்கள். நேரம் போனால் பால் திரியும். இந்தப் பால் ருசிக்கு மட்டுமல்ல. கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். கொழுப்பே இல்லாமல் வெறும் அவியலாகச் சாப்பிட்டால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும்.

பப்பாசியின் வேலை வேறு. கீரைச் சுண்டலிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து தனியே வந்தால் உடம்பு கொஞ்சமாகத்தான் எடுக்கும். விற்றமின் சீ கூட வந்தால் அந்த அளவு கூடும். அதனால் பப்பாசியைப் பின்னேரத்துக்கு வைக்காமல், மத்தியானச் சோற்றோடு நாலைந்து துண்டு சாப்பிடுவதுதான் புத்தி. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் கிடைத்த நன்மையில் பாதி போச்சு. ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும்: 100 கிராம் பப்பாசியில் சீனி 8 கிராம் அளவில், பூசணியில் மூன்றுக்கும் குறைவு. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது பால் வடியும் பப்பாசிக் காய். நன்றாகப் பழுத்ததில் அந்தப் பால் மிகக் குறைவு.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகும்போது அப்பிள் பை இல்லாமல் போனால் நமக்கு மரியாதைக் குறைவு. அப்பிளில் 100 கிராமுக்கு விற்றமின் சீ 5 மில்லிகிராம்கூட இல்லை. வளவில் பழுத்த பப்பாசியை வௌவால் தின்னுது.

பூசணி விதையை மட்டும் எறியாதீர்கள். கழுவி, காயவைத்து, மெல்லிய நெருப்பில் வறுத்தால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் புரதம், நல்ல அளவு நாகச்சத்து (சிங்க்). வெட்டின பூசணி முதலில் அழுகுவதும் அந்த விதை இருக்கும் பஞ்சுப் பக்கம்தான். அதைச் சுரண்டிவிட்டுப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் நிற்கும். வெட்டாத காயென்றால் காம்பை ஒடிக்காமல், வெறும் சீமெந்தில் வைக்காமல், காற்றுப் படும் இடத்தில் சாக்கின் மேல் வையுங்கள். மாதக் கணக்கில் கிடக்கும்.