சிமுலேட்டரில் நம்ம ஊர் மெமு ஓட வேண்டும்

ட்ரெயின் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு, ஆடுகிற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் "அடுத்து எந்த வழித்தடம் வரணும்?" என்ற பேச்சு வராமல் போகாது. ஒருவர் பாம்பன் பாலம் என்பார். இன்னொருவர் ஊட்டி மலை ரயில். சென்னைக்காரர் என்றால் கடற்கரை–தாம்பரம். எல்லாமே வரட்டும், எல்லாவற்றையும் ஓட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்றே ஒன்றைக் கேள் என்றால் நான் கேட்பது பெங்களூரு–ஓசூர்–தர்மபுரி. அதுவும் வந்தே பாரத் ஓட்டுவதற்காக இல்லை. கெலமங்கலம், இராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று வருகிற மெமுவை, அதாவது தனி எஞ்சின் இல்லாத மின்சாரப் பாசஞ்சர் ரயிலை, ஓட்டுவதற்காக.

"இதில் என்னப்பா இருக்கிறது, பாலம் இல்லை, பெரிய சுரங்கம் இல்லை, பேர்பெற்ற ஜங்ஷன் கூட இல்லை" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்பிரஸ் ஓட்டுவது கொஞ்ச நேரத்துக்குத்தான் சுவாரசியம். 110 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அப்புறம் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நின்று நின்று போகிற ரயிலில் அந்த ஓய்வு கிடையாது. கிளம்பின மூன்றாவது நிமிடமே அடுத்த ஸ்டேஷனில் எங்கே பிரேக் போடுவது என்று கணக்குப் போட ஆரம்பிக்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் நேரம் போய்விடும். தாமதமாகப் போட்டால் முதல் பெட்டிக்காரர் நிற்கிற இடத்தில் கடைசிப் பெட்டி வந்து நிற்கும். 2020இல் ட்ரெயின் சிம் வேர்ல்டு 2 என்ற விளையாட்டு வந்தபோது அதோடு லண்டனின் பேக்கர்லூ பாதாள ரயில் பாதையும் வந்தது. ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோனிலிருந்து எலிஃபண்ட் அண்ட் காசில் வரை 25 ஸ்டேஷன், 1972 ரகப் பெட்டிகள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம். பாதி வழி சுரங்கத்துக்குள் கும்மிருட்டு, பார்க்க ஒன்றுமே இல்லை. இருந்தும் அதை அலுக்காமல் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். காட்சி அழகு இல்லாமலே ஒரு வழித்தடம் மனதைப் பிடிக்கும் என்பதற்கு எனக்கு அது போதும்.

நம்ம பாதைக்கு அதையும் தாண்டி ஒரு சிறப்பு இருக்கிறது. ஓசூரிலிருந்து தர்மபுரி வரை ஒற்றைப் பாதை. லண்டன் ரயிலில் எதிரே வருகிற வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடும், அதைப் பற்றி ஓட்டுநர் நினைக்கவே வேண்டாம். இங்கே எதிர்வண்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இராயக்கோட்டையில் நாம் லூப் லைனில் (ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்பதற்கான பக்கத் தண்டவாளத்தில்) ஒதுங்கினால்தான் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் மெயின் லைனில் போக முடியும். ஸ்டேஷனுக்கு வெகு முன்னாலேயே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல் இரட்டை மஞ்சள் காட்டும்போதே புரிந்துவிடும், இன்றைக்கு நம்மை ஓரம்கட்டப் போகிறார்கள் என்று. அடுத்து ஸ்டேஷனுக்குள் நுழையும் இடத்து ஹோம் சிக்னலில் ஒற்றை மஞ்சள், அதோடு எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று காட்டுகிற வெள்ளை விளக்கு வரிசை. 30 கிலோமீட்டருக்கு இறக்கி, தண்டவாளம் பிரியும் பாயிண்ட் மேல் கடகடவென்று ஏறி, பிளாட்பாரத்தில் நிறுத்தி, கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னல் சிவப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 30 முதல் கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத்தும் இந்த வழியாகத்தான் போகிறது. தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸும் இதே பாதைதான். இப்படிப்பட்ட ஒரு வண்டிக்காக ஒதுங்கி நின்றுவிட்டு, அது அதிர அதிரக் கடந்து போன பிறகு ஸ்டார்ட்டர் மஞ்சளாகிற அந்த நொடி! இதைச் சிமுலேட்டரில் கொண்டுவந்தால் விட்ட நேரத்தைப் பாலக்கோட்டுக்குள் பிடிக்க முடியுமா என்ற போராட்டம் தானாகவே வந்துவிடும். பொய்யாக ஒரு 'சவால்' வைக்கவே வேண்டியதில்லை.

மேடு பள்ளமும் இருக்கிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தர்மபுரி அதில் ஏறத்தாழ பாதி. ஆக தர்மபுரி பக்கம் வரும்போது பிரேக்குக்கு வேலை, திரும்பிப் போகும்போது மோட்டாருக்கு வேலை. ஒரே பாதை, இரண்டு வித ஓட்டம். இதோடு நியூட்ரல் செக்‌ஷன் வேறு. 25 கிலோவோல்ட் மின்கம்பியில் ஒரு சப்ஸ்டேஷனின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொஞ்ச தூரம் மின்சாரமே இருக்காது. 500 மீட்டர், 250 மீட்டர் என்று முன்னாலேயே பலகை வரும். சர்க்யூட் பிரேக்கரைத் திறந்துவிட்டு, இருக்கிற வேகத்திலேயே உருண்டு கடந்து, அப்புறம் மூட வேண்டும். ஏற்றத்தில் இப்படி ஒரு இடம் வந்தால், வேகத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளாதவர் திண்டாடிப் போவார். பல சிமுலேட்டர் வழித்தடங்களில் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பலகையை நட்டுவிட்டு, பிரேக்கரை மூடியபடியே போனாலும் எதுவும் ஆகாத மாதிரி விட்டுவிடுகிறார்கள். நம்ம வழித்தடத்தில் அப்படி விடக்கூடாது என்பது என் பிடிவாதம்.

சரி, ஏன் இப்போதே என்று இவ்வளவு அவசரப்படுகிறேன்? பாதை நம் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். 1990களில் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. அப்புறம் நீண்ட காலம் டீசல். சில வருடங்களுக்கு முன் மின்மயம் முடிந்தது. பையப்பனஹள்ளியிலிருந்து ஓசூர் வரை இரட்டைப் பாதை வேலையும் எடுத்திருக்கிறார்கள். பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தில் கனகா என்று பெயர் வைத்திருக்கும் தடம் ராஜானுகுண்டேயிலிருந்து ஹீலலிகே வரை வரப்போகிறது, அதை ஓசூர் வரைக்கும் நீட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எல்லாம் நல்லதுதான், சீக்கிரம் வரட்டும். ஓசூர் கம்பெனிகளுக்கும் பெங்களூரு வேலைகளுக்கும் தினமும் போய்வருகிறவர்கள் பஸ்ஸில் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் இரட்டைப் பாதை வந்த இடத்தில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்கும் இந்த ஓட்டம் போய்விடும். டீசல் காலத்தில் கிருஷ்ணராஜபுரம் ஷெட் எஞ்சின்கள் இழுத்துக்கொண்டு போன பாசஞ்சர் வண்டியை யாராவது முறையாகப் பதிவு செய்தோமா? யூடியூபில் சிதறிக் கிடக்கும் கொஞ்சம் வீடியோக்கள்தான் மிச்சம். மீட்டர் கேஜ் காலத்துக்கு அதுவும் இல்லை.

இங்கிலாந்தில் ஐல் ஆஃப் வைட் என்ற தீவில் ரைடு பியர் ஹெட்–ஷாங்க்ளின் என்று ஒரு குட்டிப் பாதை இருக்கிறது. மொத்தமே எட்டரை மைல், பெரும்பகுதி ஒற்றைப் பாதை. 1938 ரக லண்டன் பாதாள ரயில் பெட்டிகளைக் கொண்டுபோய் அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 ஜனவரியில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதே வருடம் அந்தப் பாதை, அதே பழைய பெட்டிகளோடு, ட்ரெயின் சிம் வேர்ல்டில் வந்துவிட்டது. இன்றைக்கு அந்த ரயில் நிஜத்தில் அங்கே ஓடவில்லை. ஆனால் அதன் ஆட்டம், அதன் முனகல், அது நிற்கிற விதம் எல்லாவற்றையும் இங்கே தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு நான் அனுபவிக்க முடிகிறது. எட்டரை மைல் பாதைக்கு இதைச் செய்ய முடியும் என்றால் நம்ம பாதைக்கு ஏன் கூடாது?

வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் நமக்காக இதைச் செய்து தரும் என்று நான் காத்திருக்கவில்லை. நம்ம ஆட்களே செய்ய வேண்டும், செய்யவும் முடியும். 2001இல் மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்த காலத்திலிருந்தே இந்தியாவில் ரசிகர்கள் சொந்தமாக எஞ்சினும் பெட்டியும் வழித்தடமும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்த விளையாட்டு பழசாகிப் போனாலும் அதற்காகச் செய்ததையெல்லாம் ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓட்டலாம். சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். நம்ம ஊர்ப் பையன்கள் நிறையப் பேரிடம் ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதனால் கண்ணைப் பறிக்கும் படத்தை விட எல்லோரும் ஓட்டக்கூடியதே முக்கியம் என்று நினைக்கிறேன். என் ஓட்டு ஓபன் ரெயில்ஸுக்குத்தான். அதில் டைம்டேபிள் முறை ஒன்று இருக்கிறது. எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எந்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிடலாம். ஒற்றைப் பாதைக்கு இதை விடப் பொருத்தமான வசதி வேறில்லை.

பாதை போடுவதற்கு டிஎஸ்ஆர்இ 5 என்ற இலவச எடிட்டர் இருக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து எடுக்கலாம், அதுவும் இலவசம். ஆனால் அந்தத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்கள் அதை விடக் குறுகலாக இருக்குமே! தரவை அப்படியே போட்டால் அந்த வெட்டுகள் எல்லாம் மழுங்கிப்போய், ரயில் மண்மேட்டுக்குள் புதைந்து போகும். இராயக்கோட்டையைச் சுற்றி இருக்கும் பாறைக் குன்றுகளைக் கையாலேதான் செதுக்கித் திருத்த வேண்டும். அந்தக் கோட்டை மலை ஜன்னலில் எந்தப் பக்கம் தெரியத் தொடங்கி எப்போது மறைகிறது என்பது இந்த வழியில் போய்வருகிற எல்லோருக்கும் மனப்பாடம். அது தப்பாக இருந்தால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பல வழித்தடங்கள் கோட்டை விடுகின்றன. வேறு ஏதோ நாட்டு மின்சார ரயிலின் சத்தத்தை எடுத்து நம்ம மெமுவுக்குள் போட்டுவிடுகிறார்கள். கிளம்பும்போது படிப்படியாக ஏறும் அந்த மோட்டார் ஒலி, கார்டு கொடுக்கும் இரண்டு மணி, பிரேக் விடும்போது வருகிற காற்று, இதெல்லாம் நம்ம ரயிலிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். ஆனேக்கல் ரோடு வரைக்கும் கன்னடம், ஓசூர் வந்ததும் தமிழ் என்று பெயர்ப்பலகை மாறுவது, அறிவிப்புக் குரல் மாறுவது, காலையில் ஓசூரில் மொத்தமாக இறங்கி வண்டியே லேசாகிப் போகிற அந்தக் கூட்டம், இவையும் வர வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி பத்து பேர் நிற்கிற பிளாட்பாரம் எனக்கு வேண்டாம். மாரண்டஅள்ளியில் ஏறுகிறவர் வேறு, ஹீலலிகேயில் ஏறுகிறவர் வேறு.

தயவு செய்து சத்தம் பதிவு செய்கிறேன், சிக்னல் இருக்கும் இடம் பார்க்கிறேன் என்று யாரும் தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் அது குற்றம் என்பது ஒரு பக்கம், உயிர் போகும் என்பது பெரிய பக்கம். டிக்கெட் எடுத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

ஆசை என்று எடுத்தால் அதற்கு முடிவே இல்லை. ஓமலூர் வரை நீட்டலாமே, சிவாடி–தொப்பூர் மலைப்பாதையை விடலாமா என்று கேட்பீர்கள். 2021 நவம்பரில் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் மேல் பாறை சரிந்து தடம் புரண்ட இடம் அது, ஓட்டுவதற்குப் பிரமாதமான பகுதிதான். மொரப்பூர்–தர்மபுரி பாதையையும் போடலாமே என்று இன்னொருவர் கேட்பார். 1906இல் வந்த அந்தக் குட்டி ரயிலை 1941இல் எடுத்துவிட்டார்கள், மறுபடி 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டி வருடங்கள் ஆகிவிட்டன. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதை விடப் பெரிய ஏக்கம். மாவட்டத் தலைநகர், ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து குட்டி ரயில் வந்த ஊர், இன்றைக்கு ஊருக்குள் ஸ்டேஷனே கிடையாது. கம்ப்யூட்டரிலாவது கிருஷ்ணகிரி ஜங்ஷன் கட்டிப் பார்க்கலாம் என்று அந்த ஊர்த் தம்பி ஒருவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கட்டாயம் கட்டுவோம். ஆனால் முதலில் இருக்கிற பாதையை இருக்கிறபடி எடுத்து முடிப்போம். ஓசூர்–தர்மபுரி முதல் கட்டம், பெங்களூரு வரை இரண்டாம் கட்டம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி, பாதியில் நின்றுபோன வழித்தடங்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

அதனால் இப்போதைக்கு நான் கேட்பது மூன்று உதவிதான். கெலமங்கலத்திலிருந்து பாலக்கோடு வரை ஸ்டேஷன் கட்டடங்களின் படம் வைத்திருப்பவர்கள், முக்கியமாக மின்கம்பி வருவதற்கு முன்னால் எடுத்த பழைய படம் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பெட்டி, கட்டடம் செய்யத் தெரிந்தவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், மீட்டர் கேஜ் காலத்தில் எந்த ஸ்டேஷனில் எதிர்வண்டிக்குக் கிராசிங் வைப்பார்கள், எங்கே தண்ணீர் பிடிப்பார்கள் என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். படத்தை விட அதுதான் முதலில் வேண்டும்.